ரயில் மேட்டில் நடந்தவர்

என் கணவருக்கு வாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் பாதிவரை போட்டவர் அப்படியே நிறுத்திவிட்டுத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது சொல் இல்லை, வெறும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் பயந்தவர் அவர்தான்.

அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும் முட்டித் தள்ளியும் கரை சேர்க்கிற படகு. கடற்கரை ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் விட்ட நாளெல்லாம் தன் அப்பாவோடு பாய்த்தோணியில் போய் வளர்ந்தவர். தரையில் நடக்கும்போதும் கால்களைச் சற்று அகட்டி வைத்துத்தான் நடப்பார். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேர் வேலைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இரண்டு ஊருக்கும் நடுவில், ஆற்றுப் பாசன வயல்களை ஒட்டிப் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றில் வீடு கட்டியிருந்தோம். ஒரே மகள். அவள் முந்தின வருஷம்தான் மேல்படிப்புக்காகக் குளிர்நாடு ஒன்றுக்குப் போயிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவர் வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்க நினைத்து "சாவி" என்பார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரியும். உடனே கண்ணை மூடிக்கொள்வார். சாப்பிடும்போது தட்டில் வலப்பக்கம் வைத்த பொரியலைத் தொடவே மாட்டார். பிடிக்கவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று நாள் வேறு காய் செய்து பார்த்தேன். பிறகுதான் டாக்டர் சொன்னார்: அவருக்கு வலப்பக்கத்துப் பாதிப் பார்வை இல்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தினமும் நடக்க வேண்டும். மேடு பள்ளம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். நடக்காமல் விட்டால் கால் நடையையே மறந்துவிடும்.

மேடு பள்ளம் இல்லாத இடத்துக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு மணல் குவியல், ஒரு ஜல்லிக் குவியல். மெயின் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போகும், நடக்கிறவனுக்கு என்று ஓர் அடி இடம் கிடையாது. அப்போதுதான் பக்கத்து வீட்டம்மா ரயில் மேட்டைச் சொன்னார்.

திருச்செந்தூர் லைனை அகலப் பாதையாக மாற்றியபோது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வளைவை நிமிர்த்தி, தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பழைய பாதை அப்படியே கிடந்தது. தண்டவாளமும் கட்டையும் போய்விட்டன. ஜல்லியை ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது வயலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு எழுந்த ஒரு மண் மேடு. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும். நடுவில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், கைப்பிடிச் சுவர் இல்லாதது. ரயிலால் ஏற்றம் ஏற முடியாது என்பதால் அந்த மேடு முழுக்கத் தண்ணீர் மட்டம் பார்த்த மாதிரி இருக்கும். அவர் காலுக்கு அதைப் போல ஓர் இடம் மாவட்டத்திலேயே கிடைத்திருக்காது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னே, விடிந்தும் விடியாமலும், கையில் ஒரு கம்போடு அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். யாரும் பார்க்கக் கூடாது என்பது அவர் எண்ணம். எதிரே ஆள் வந்தால் தலை குனிந்துகொள்வார். கப்பல் கேப்டன்களிடம் ஒயர்லெஸ்ஸில் உரக்கப் பேசிய மனுஷன், பால்காரர் "என்ன அண்ணாச்சி, சுகமா?" என்று கேட்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பார்.

ஆனால் அந்த மேடு எங்களுக்கு மட்டும் உரியது இல்லை. வாழைத் தோட்டங்களுக்கு வேறு பாதை கிடையாது. தார் வெட்டுகிற நாட்களில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகளும் டிராக்டரும் அதன் மேல்தான் வந்துபோகும். பக்கத்து ஊருக்குக் குறுக்கு வழி என்று மோட்டார் சைக்கிள்களும் பறக்கும். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் நான் அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுப்பேன். அவருக்கு அது பிடிக்காது. கையை உதறுவார். உதறும்போது தடுமாறுவார். ஒவ்வொரு வண்டிக்கும் இது ஒரு போராட்டம்.

ஒரு நாள் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு குட்டியானை வந்து ஆரன் அடித்தது. அவர் சட்டென்று வலப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம்தான் அவருக்குப் பார்வை கிடையாதே. வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இன்னும் திரும்பினார். என் பிடியிலிருந்து நழுவி, மேட்டின் சரிவில் உருண்டு, நாற்றுப் பாவியிருந்த வயலில் போய் விழுந்தார்.

வண்டிக்காரர் கீழே குதித்து எனக்கு முன்னால் அவரிடம் போய்விட்டார். நாற்பது வயதிருக்கும், கறுத்து ஒல்லியான ஆள். அவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி வந்தார். அடி ஒன்றும் இல்லை. முகமெல்லாம் சேறு. என் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நான் அந்த ஆளைக் கண்டபடி பேசினேன். நடக்க முடியாத மனுஷன் என்று கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஆரன் அடிச்சதுலதான் விழுந்தாக, தெரியுது டீச்சர். அடிக்காம பக்கத்துல வந்திருந்தா இன்னும் மோசமா போயிருக்கும். வேற என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க."

என் கணவர் சேற்றுக் கையால் அந்த ஆளின் தோளைத் தட்டினார். போ என்கிறாரா, பரவாயில்லை என்கிறாரா என்று விளங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் வெளியே வரவில்லை.

மகள் போன் பண்ணும்போது நடந்ததைச் சொன்னேன். அவள் "யம்மா, ஸ்பீக்கர்ல போடு. அப்பாவும் கேக்கட்டும்" என்றாள்.

அவள் இருந்த ஊரிலும் ரயில் நின்றுபோய்த் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம். அந்தப் பழைய பாதையை மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அது முழுக்கப் பனி மூடிவிடும். அப்போது நீளமான ஒல்லிப் பலகைகளைக் காலணியில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கோல் ஊன்றி, வழுக்கிக்கொண்டே போவார்களாம். தனியாக இருந்து அழுதுகொண்டிருந்த முதல் குளிர்காலத்தில் உடன் படிக்கிறவள் ஒருத்தி அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நிறைய விழுந்து, அப்புறம் பழகிவிட்டது. விடுமுறை நாட்களில் பைன் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் போய்வருகிறாளாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அவள் படிப்பைப் பற்றி மட்டும்தான் எங்களிடம் பேசியிருந்தாள்.

அதே பாதையில் பனி மேல் ஓடுகிற மோட்டார் வண்டிகளும் வருமாம். முதலில் அவளுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. காதைப் பிளக்கும் சத்தம், புகை. ஆனால் பனி புதிதாகக் கொட்டிய மறுநாள் ஒரு தடவை, வண்டி எதுவும் போகாத பக்கமாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். முழங்கால் வரை புதைந்து, ஓர் அடி நகர முடியவில்லை. அந்த வண்டிகள் ஓடி ஓடிப் பனியை அழுத்திக் கெட்டியாக்கி வைப்பதால்தான் தன்னால் வழுக்கிப் போக முடிகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்ததாம். அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. பின்னால் வருகிறவன் வேகத்தைக் குறைத்து, எந்தப் பக்கம் வருகிறேன் என்று குரல் கொடுப்பான். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான், ஒதுங்கி ஓடவும் மாட்டான். தன் கோட்டில் நேராகப் போய்க்கொண்டே இருப்பான்.

இதைக் கேட்டதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாய்" என்றார். பிறகு, "எஞ்சின்." நானும் மகளும் வேறு ஏதோ சொல்ல வந்து வார்த்தை மாறிவிட்டது என்று நினைத்தோம். அவர் தலையை வேகமாக ஆட்டினார். இடது கையைக் காற்றில் விரித்துப் பாய் மாதிரிக் காட்டினார். அப்புறம் அதே கையை வளைத்து, அந்தப் பாயைச் சுற்றிப் போவது போல் ஓட்டிக் காட்டினார். போனில் மகளுக்கு அது தெரியாது. நான் விளக்கியதும் அவளுக்கு உடனே பிடிபட்டது. சின்ன வயதில் அவளுக்கு அவரே சொல்லியிருந்தார். கடலில் எஞ்சின் வைத்த படகுதான் பாய்ப் படகுக்கு வழிவிட வேண்டும். பாய்ப் படகு பயந்து திசை மாறக் கூடாது. மாறினால்தான் மோதும்.

வாதம் வந்த பிறகு அவர் ஒரு விஷயத்தை எங்களுக்குச் சொல்லிப் புரியவைத்தது அதுதான் முதல் தடவை. அன்று இரவுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மகள் ஒரு ஜோடி கோல் அனுப்பினாள். அந்த ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த நாகர்கோவில்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பனியில் ஊன்றுகிற கோல்தான், உயரத்தை அறுத்துக் குட்டையாக்கியிருந்தாள். எதற்கு இரண்டு என்று எனக்கு யோசனை. வலது கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதவர் கோலை எப்படிப் பிடிப்பார்? ஆனால் அந்தக் கோலில் மணிக்கட்டையும் உள்ளங்கையையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு பட்டை இருந்தது. பிடிக்கவே வேண்டாம், பட்டை மேல் பாரத்தைப் போட்டால் போதும். கையை முன்னால் கொண்டுவந்தால் கோலும் கூடவே வரும். முனையில் பனியில் புதையாமல் இருக்க வைத்த வட்டத் தட்டைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் குப்பியை மாட்டினோம். பிசியோதெரபி செய்கிற பெண் வந்து பார்த்துவிட்டு, மடங்கிக் கிடக்கிற கைக்கும் இது நல்லதுதான் என்றாள்.

மறுபடியும் மேட்டுக்குப் போனோம். இரண்டு கோலோடு அவர் நடையே வேறாக இருந்தது. ஒற்றைக் கம்பு ஊன்றியபோது நோயாளி மாதிரி இருந்தவர், இப்போது ஏதோ வேலைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். தலை குனிவதும் குறைந்தது. இரண்டு கோலைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அந்தக் குட்டியானைக்காரரைப் பாலத்தருகே பார்த்தோம். எங்களைக் கண்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். மகள் சொன்னதை நான் சொன்னேன். என் கணவர் கோலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அவர் மேட்டின் வலது ஓரமாகப் போவார். வண்டி எப்போதும் அவருடைய இடப்பக்கமாகத்தான் தாண்ட வேண்டும், அந்தப் பக்கம் கண் தெரியும். ஆரன் வேண்டாம், குரல் போதும். வண்டிக்காரர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். "சரி அண்ணாச்சி. மத்த வண்டிக்காரப் பயலுவகிட்டயும் சொல்லிருதேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். அன்று முதல் பின்னால் வண்டி வந்தால், தூரத்திலேயே வேகம் குறைவது கேட்கும். பிறகு "அண்ணாச்சி, இடது வாரேன்" என்று குரல் வரும். அவர் திரும்ப மாட்டார். இடது கோலைச் சற்றுத் தூக்கிக் காட்டிவிட்டு அதே கோட்டில் நடப்பார். வண்டி பையத் தாண்டிப் போகும். நான்தான் பழக்க தோஷத்தில் அவர் கையைப் பிடிக்கப் போவேன். பிறகு அதையும் விட்டேன். மோட்டார் சைக்கிள் பையன்கள்கூட "இடது, இடது" என்று கத்திக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பாதி விளையாட்டுதான். ஆனாலும் மெதுவாகப் போனார்கள்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் புது மனைகளில் வீடுகள் நிறைந்து, காலையில் மேட்டில் நடக்க நிறையப் பேர் வந்தார்கள். பெரும்பாலும் ஆபீசுகளிலும் கோர்ட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு வண்டிகள் தொந்தரவாக இருந்தன. நியாயம்தான். புழுதி கிளம்பும், மழைக்குப் பின் சேறு தெறிக்கும். மேட்டின் இரண்டு முனையிலும் கல் நட்டு வண்டிகளை நிறுத்தச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்பது என்று முடிவு செய்தார்கள்.

ஒரு மாலையில் நான்கைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கோர்ட்டில் பெரிய பொறுப்பில் இருந்தவர், நிதானமாகப் பேசுகிறவர். என் கணவர் வண்டியால் வயலில் விழுந்ததைக் கேள்விப்பட்டிருந்தார்கள். பஞ்சாயத்தில் வந்து அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நடக்கவே சிரமப்படுகிறவர் வந்து நின்றாலே போதும், வேறு ஆதாரம் வேண்டாம் என்றார் மூத்தவர்.

என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"வண்டி... போனாத்தான்..." என்றார். மறுபடி மூச்சு வாங்கினார். "பாதை."

மூத்தவர் அவர் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாருக்கு முடியல. நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"அவுக சொன்னதுதான்" என்றேன்.

காபி குடிக்காமல் போய்விட்டார்கள். எங்களால் எதுவும் நின்றுவிடவில்லை. வேறு காரணங்கள் சொல்லிக் கேட்டு, அந்த ஆடிக்குள் இரண்டு முனையிலும் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டுவிட்டார்கள். ஆள் நுழையலாம், வண்டி நுழையாது. வாழைத்தார்களைத் தோட்டத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து ரோட்டில் ஏற்றினார்கள். குட்டியானைக்காரர் எங்களிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் இரண்டு மாதம் மேடு அமைதியாகத்தான் இருந்தது. நடக்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. சக்கரம் அழுத்தாத மண் பொதபொதவென்று ஊறியது. புல் முழங்கால் அளவுக்கு வந்தது. இரண்டு சரிவிலிருந்தும் உடைமரம் மேலே ஏறி, முள் கிளைகளைக் குறுக்கே நீட்டியது. அதுவரை வண்டிக்காரர்கள் போகிற போக்கில் அரிவாளால் கழித்துவிட்டுப் போவார்கள் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கார்த்திகை கடைசியில் பாலத்துக்கு அங்கிட்டுப் பாம்பு பார்த்ததாகச் சொன்னார்கள். நடக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் பாளையங்கோட்டையில் ஒரு காலேஜ் மைதானத்துக்குப் போய் நடக்கத் தொடங்கினார்கள். என் கணவர் மட்டும் தொடக்கத்தில் இருந்த கொஞ்ச தூரத்தில் போய்ப் போய்த் திரும்பினார். ஒரு நாள் கோல் சேற்றில் புதைந்து, முழங்காலில் விழுந்தார். அத்தோடு நின்றுபோனது.

டாக்டர் சொன்னது சரிதான். கால் மறக்கத் தொடங்கியது. தை பிறப்பதற்குள் பாத்ரூமுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். கை மறுபடி மடங்கியது. வந்திருந்த சொற்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் அதன் இடது பாதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். மகள் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். அவர் போனைக் கையில் வாங்கி, "வராத" என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

பொங்கல் லீவில் குட்டியானைக்காரர் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்புப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மெலிந்திருப்பார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"அண்ணாச்சி, தோட்டக்காரங்க எல்லாம் பஞ்சாயத்துல பேசியாச்சு. நாளைக்கு மேட்டுல முள்ளு வெட்டப் போறோம். நீங்க வந்து அங்கன சும்மா இருந்தா போதும்" என்றார்.

மறுநாள் அவர் வண்டியிலேயே வந்து கூட்டிக்கொண்டு போனார். பஞ்சாயத்துத் தலைவரும் இருந்தார். பத்துப் பதினைந்து பேர் அரிவாளும் கோடாலியுமாக நின்றார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் கணவரை உட்கார வைத்தார்கள். அவர் உட்காரவில்லை. வெட்டிப் போட்ட கிளைகளை இடது கையால் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டார். முள் குத்தி ரத்தம் வந்தது. வேண்டாம் என்று நான் எழுந்தபோது வண்டிக்காரர் என்னைப் பார்த்து, விடுங்கள் என்பது போல் தலையை அசைத்தார். மத்தியானம் ஒரு முனையில் நட்டிருந்த தண்டவாளத் துண்டைப் பெயர்த்தார்கள். வெயில் ஏறும்வரை நடக்கிறவர்களுக்கு, பிறகு எல்லோருக்கும் பொது, நடக்கிறவன் இருந்தால் வண்டி குரல் கொடுத்துத்தான் தாண்ட வேண்டும் என்று தலைவர் எல்லோர் முன்பும் சொன்னார்.

கோர்ட்டில் இருந்த பெரியவரும் அங்கே வந்திருந்தார். ஓரமாக நின்றவர் என்னிடம் வந்து, "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன், டீச்சர்" என்றார். நான் நம்பினேன். அவர் நல்ல மனுஷன்தான். அடுத்த வாரமே மேட்டுக்கு நடக்க வந்துவிட்டார். அவர் பிந்தி நடந்த நாட்களில் வண்டிக்காரர்கள் அவருக்கும் குரல் கொடுத்துப் போனார்கள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். போன தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. பங்குனி வெயில் தொடங்கும்போது பாலம் வரை போனார். ஆனித் தென்றலில் அடுத்த முனையைத் தொட்டுவிட்டு வந்தார். ஆனால் பழைய பலம் முழுக்கத் திரும்பவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் வந்தார்கள். வாதம் வந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்கள் இத்தனை பேர் சுற்றிலும் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் மூங்கில் கம்பு இரண்டை வெட்டி, அதில் துணிப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா, அறுபது வயதிருக்கும், மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். மகன் வளைகுடாவில் இருந்தார். முதலில் அந்த அம்மா மேட்டின் முனையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் என் கணவர் அவர் முன்னால் போய் நின்று, கோலைத் தூக்கிப் பாதையைக் காட்டினார். அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மறுநாளிலிருந்து நடந்தார்.

இரண்டாவது முறை வாதம் வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நினைவு வராமல் கிடந்தார். மகள் விமானம் ஏறிவிட்டாள் என்று அவர் காதில் சொன்னேன். கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவள் மதுரையில் இறங்குவதற்கு முன்பே போய்விட்டார்.

அவர் பிறந்த கடற்கரை ஊரில் அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்து இருக்கிறது. கூடத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கோயிலில் பூசை நடந்தபோது கடைசி வரிசைக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, குட்டியானைக்காரரும் தோட்டக்காரர்கள் சிலரும் நின்றார்கள். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரியாமல் எல்லா நேரமும் நின்றுகொண்டே இருந்தார்கள். மகள் அவர்கள் யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் போய் வண்டிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர் அவளிடம், "உங்க அப்பா ஒரு நாளும் எங்களப் பாத்து ஒதுங்கினதில்ல, தாயி" என்றார்.

மகள் ஒரு மாதம் இருந்தாள். என்னைத் தன்னோடு கூப்பிட்டாள். பணி முடிய இன்னும் காலம் இருக்கிறது, முடிந்ததும் பார்க்கலாம் என்றேன். அவளை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. வீட்டில் இருக்க முடியவில்லை. மேட்டுக்குப் போனேன்.

அந்த முஸ்லிம் அம்மா முனையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். மருமகளுக்கு உடம்பு சரியில்லையாம், ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். அவரும் மழையில் இத்தனை நாள் வரவில்லை. என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவுக வரலியா டீச்சரம்மா?"

சொன்னேன். அவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளத்தில் தண்ணீர் நிறைந்து, மேட்டின் கால்வரை தொட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தனியாப் போவ பயமா இருக்கு" என்றார். "இந்தக் கைய மட்டும் புடிச்சுக்கிடுதியளா?"

பிடித்துக்கொண்டேன். அவர் நடை மிகவும் மெதுவாக இருந்தது. வழியில் தன் மகன் வருகிற மாசியில் வருவதாகச் சொன்னார். பாலம் வரை போய்த் திரும்பினோம். ஆட்டோ வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது.